எம்பத்தஞ்சுல நின்னுடுச்சு

அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்டு லைசென்ஸ் பரீட்சையில் தேற வேண்டும். அந்தப் பரீட்சைக்கு ஒரு கிறுக்குப் புத்தி உண்டு. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது. கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். வந்த பதிலைப் பார்த்து அடுத்ததைக் கேட்கும். குறைந்தது எண்பத்தைந்து கேள்வி, அதிகம் போனால் நூற்றைம்பது. எதிரில் உட்கார்ந்திருப்பவள் தேறுவாளா மாட்டாளா என்று எப்போது அதற்கு உறுதியாகிறதோ அப்போது நிறுத்திக்கொள்ளும். என்ன முடிவு செய்தது என்பதை மட்டும் சொல்லாது. அதற்கு இரண்டு நாள் நகத்தைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

பிளசிக்கு எண்பத்தைந்தில் நின்றது.

சீக்கிரம் நின்றால் பாஸ், இழுத்தடித்தால் ஃபெயில் என்று நர்ஸுகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. ஆனால் பிளசி வேலை பார்க்கும் தருமபுரி ஆஸ்பத்திரியின் ஹாஸ்டலில் வேதவாக்கு அதுதான். பெங்களூர்ப் பரீட்சை சென்டரை விட்டு வெளியே வந்த பிளசிக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் நின்றபடியே கடத்தூர்ப் பக்கம் ஊரில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். மிக்கேலம்மாள் யாரோ ஒருவருடைய தக்காளித் தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி கண்ணு எழுதுன?"

"எம்பத்தஞ்சுல நின்னுடுச்சும்மா!"

"எம்பத்தஞ்சா!" என்று மிக்கேலம்மாள் போட்ட கத்தலில் பக்கத்துச் சாலில் இருந்தவர்கள் நிமிர்ந்திருக்க வேண்டும். "ஏ தீர்த்தம்மா, எம் பாப்பா எம்பத்தஞ்சு வாங்கிட்டாளாம்டி!"

நூற்றுக்கு எண்பத்தைந்து என்று அம்மா எடுத்துக்கொண்டாள் என்பது பிளசிக்குப் புரிந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. சிரித்தாள். பாஸ் என்றான பிறகு அது மார்க்காக இருந்தால் என்ன, கேள்வியாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டாள். புருஷன் போன பின் பதினெட்டு வருஷமாக அடுத்தவர் தோட்டத்தில் குனிந்தே கிடந்தவள், ஒரு தரம் நிமிர்ந்து கத்தட்டுமே என்றும் தோன்றியது.

கூடவே பரீட்சை எழுதிய காவியா வெளியே வர இன்னும் நேரமானது. மாரண்டஹள்ளிப் பெண் அவள், பிளசியின் அறைத்தோழி. அவளுக்கு நூற்றைம்பது வரை போயிருந்தது. ஓசூரில் பஸ் ஏறியபோது ஆரம்பித்த அழுகை ராயக்கோட்டை தாண்டியும் ஓயவில்லை. பிளசி அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பாஸானவர்களுக்கே வருகிற அந்தப் பெருந்தன்மையோடு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள். "இது என்ன உசுரா போயிடுச்சு? ஒன்றரை மாசம் கழிச்சு மறுபடி எழுதலாம்டி. எல்லாம் நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்க." மாரண்டஹள்ளியில் காவியா இறங்கும்போது துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துவிட்டுக்கூட அனுப்பினாள்.

வியாழக்கிழமை மத்தியானம், மருந்து ட்ராலிக்குப் பக்கத்தில் நின்றபடி ரிசல்ட்டைத் திறந்தாள். ஃபெயில் என்றிருந்தது. மூடித் திரும்பத் திறந்தாள். அப்படியேதான் இருந்தது. காவியா பாஸ்.

காவியா ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். பாவம், அவளுக்கும் வேறென்ன சொல்லத் தெரியும்? "ஒன்றரை மாசம்தாண்டி. மறுபடி எழுதலாம். எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள். பஸ்ஸில் தான் சொன்ன அதே வார்த்தைகள் வட்டியும் முதலுமாகத் திரும்பி வருவதைக் கேட்டுப் பிளசிக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. தனக்கு வந்தால் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்று சும்மாவா சொன்னார்கள்? "இனிமே அந்தப் பரீட்சைப் பேச்சே எங்கிட்ட எடுக்காதடி" என்று சொல்லிவிட்டு, டாய்லெட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

அதற்குள் ஊரில் காரியம் எங்கேயோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பிளசிக்காக நன்றிப் பூசையாக ஒப்புக்கொடுக்க மிக்கேலம்மாள் கோயில் உபதேசியார் சவுரியப்பனிடம் சொல்லிவிட்டாள். பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் கேசரி. போனில் அம்மா இதை அடுக்க அடுக்க, "நேர்ல வந்து பேசறேம்மா" என்பதற்கு மேல் பிளசிக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை பொழுது சாய வீட்டுக்கு வந்தாள். மிக்கேலம்மாள் முந்திரியை உடைத்துக்கொண்டு, யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஃபெயிலும்மா."

மிக்கேலம்மாள் சிரித்தாள். மகள் விளையாடுகிறாள் என்று நினைத்தாள். மகளின் முகத்தைப் பார்த்த பிறகு முந்திரித் தட்டைக் கீழே வைத்தாள்.

"எம்பத்தஞ்சு வாங்குனவ எப்பிடி ஃபெயிலு? நம்மூர்ல முப்பத்தஞ்சு வாங்குனாலே பாஸு போடறான். எவனோ மாத்திப்புட்டான் கண்ணு. உம் மார்க்க வேற எவளுக்கோ போட்டுட்டானுங்க. நாளைக்கே ஃபாதர்கிட்டச் சொல்லி ஒரு லெட்டர்..."

"அது மார்க்கு இல்லம்மா."

"பின்ன?"

"எத்தன கேள்வி கேட்டுச்சுங்கறது. எம்பத்தஞ்சோட நிறுத்திடுச்சு."

"காவியாளுக்கு?"

"நூத்தம்பது. அவ பாஸும்மா. தேறுவாளோ என்னமோன்னு அவகிட்டக் கடைசி வரைக்கும் கேட்டுப் பாத்துருக்கு. எங்கிட்ட அதுக்கு மேல கேக்கறதே வேஸ்ட்டுன்னு விட்டுடுச்சு. எம்பத்தஞ்சுலயே அதுக்குத் தெரிஞ்சுபோச்சும்மா, நான் லாயக்கில்லன்னு."

சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் மூன்று நாளாக அடைத்துக் கிடந்தது பீறிட்டது. தன் வாயால் சொல்லும் வரை அது வெறும் ரிசல்ட். சொன்ன பிறகுதான் அது அவளாக ஆனது. மிக்கேலம்மாள் மகளை மடியில் போட்டுக்கொண்டாள். தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அழுவாத கண்ணு, அழுவாத" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

"பூசைய நிறுத்திடும்மா."

"காலையில உபதேசியார் வூட்டுக்குப் போய்ச் சொல்லிடறேன். நீ அழுவாத."

சொன்னபடியே விடிந்ததும் போனாள். திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் ரவையைக் கொட்டி வறுத்தாள். செய்ய எடுத்து வைத்த பண்டம் வீணாக வேண்டாமென்று கிண்டுகிறாள் என்று பிளசி நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோயிலுக்கே போயிருக்க மாட்டாள்.

பூசை தொடங்கும் முன் சவுரியப்பன் மைக்கைப் பிடித்துக் கனைத்துவிட்டு, கையிலிருந்த தாளை வாசித்தார். "இன்றைய திருப்பலிக் கருத்து. அமெரிக்க செவிலியர் தேர்வில் எண்பத்தைந்து மதிப்பெண் பெற்று வெற்றி பெற்ற பிளசிக்காக, தாயார் மிக்கேலம்மாள் ஒப்புக்கொடுக்கும் நன்றித் திருப்பலி."

கோயிலில் இருந்த தலையெல்லாம் திரும்பியது. பிளசி அம்மாவைப் பார்த்தாள். மிக்கேலம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முழுக்கப் பிளசி உட்கார வேண்டிய இடத்தில் நின்றாள், நிற்க வேண்டிய இடத்தில் முழந்தாளிட்டாள்.

பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் மிக்கேலம்மாள் கேசரிக் குண்டானைத் திறந்து வைத்தாள். "கெட்டிக்காரிய பெத்துருக்கற மிக்கேலு" என்று ஒருத்தி சொல்ல, "ஆமாங்க, எல்லாம் மாதா கிருபை" என்றாள். "எம்பத்தஞ்சாமே!" என்று இன்னொருத்தி வியக்க, "ஆமாங்க" என்று அவளுக்கும் ஒரு கரண்டி வைத்தாள். வாழ்நாளில் தக்காளிக் கூடையின் அடியில் ஒரு சொத்தைக் காயை மறைத்து வைத்தறியாதவள், கோயில் வாசலில் நின்று, சிரித்த முகத்தோடு, ஆளாளுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தெரு ஏஞ்சலின் பிளஸ் டூ படிக்கிற மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா கையால நெத்தியில ஒரு சிலுவை போட்டுக்கடி. பாப்பா, இவளும் நர்ஸுக்குத்தான் படிக்கறேங்கறா. உன்னாட்டமே எம்பத்தஞ்சு வாங்கணும்னு சொல்லிப் போடு கண்ணு."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டியது. பிளசியின் கை பாதி வழி போய் நின்றுவிட்டது.

"நான் பாஸாவலீங்க" என்றாள்.

"என்னா பாப்பா?"

"ஃபெயிலுங்க. எம்பத்தஞ்சு மார்க்கு இல்லீங்க அது. நான் ஃபெயிலு."

கேசரியை வாயில் போட்டவர்கள் முழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பிளசியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஃபெயிலானவளைத் திட்ட அங்கே யாருக்கும் மனசில்லை. முதுகைத் தடவினார்கள், கன்னத்தைத் துடைத்தார்கள், அடுத்த தரம் ஆகும் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டது.

"அப்ப மிக்கேலு? கோயில்ல நின்னுக்கிட்டா பொய் சொன்னா?"

கூட்டத்தை விலக்கிப் பிளசி வெளியே வந்தபோது குண்டான் மட்டும் இருந்தது. அம்மா போய்விட்டிருந்தாள்.

வீட்டில் மிக்கேலம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை. பிளசி அவள் காலடியில் விழுந்து, "என்னைய மன்னிச்சுடும்மா, என்னால தாங்க முடியலம்மா" என்று அழுதாள். சத்தம் கேட்டு ஏஞ்சலின் வந்தாள். வந்தவளும் பிளசியைத்தான் தூக்கி உட்காரவைத்தாள், பிளசிக்குத்தான் தண்ணீர் கொடுத்தாள், பிளசியிடம்தான் பேசினாள். போகும்போது, "அம்மாவப் பாத்துக்க" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானமாயிற்று. அம்மா பேசவில்லை, திட்டவில்லை. திட்டினாலாவது தேவலை என்றிருந்தது பிளசிக்கு. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனை எடுத்து வைத்துக்கொண்டாள். எதையாவது தடவிக்கொண்டிருக்க வேண்டும்; தடவியதில் பயிற்சிக் கேள்விகள் திறந்துகொண்டன. மாதக்கணக்கில் இதையே திறந்து பழகிய விரலுக்கு, இனி வேண்டாமென்று முடிவு செய்தது தெரியவில்லை. கேள்வி இங்கிலீஷில் இருந்தது. வார்டில் நான்கு பேர். ஒருவன் கால் முறிந்து வலியில் அலறுகிறான். ஒருத்திக்கு வாந்தி. ஒருவர் டிஸ்சார்ஜ் தாமதமென்று சண்டை போடுகிறார். நான்காவது, காலையிலிருந்து இழுப்பு இழுத்துக்கொண்டிருந்த ஆஸ்துமாக்காரி. இப்போது இழுப்புச் சத்தமே இல்லை, கம்மென்று கிடக்கிறாள். யாரை முதலில் பார்ப்பாய்?

பிளசி அலறுகிறவனைத் தொட்டாள். எட்டு வருஷ வார்டுப் பழக்கம் அது. அங்கே யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களுடைய சொந்தக்காரர்கள்தான் வந்து நர்ஸின் கையைப் பிடித்து இழுப்பார்கள். இழுத்த பக்கம் போய்ப் போய், சத்தம் வருகிற பக்கம் ஓடுவதே வேலை என்றாகிவிட்டது.

தப்பு என்று சிவப்பாகக் காட்டியது. கீழே விளக்கம் போட்டிருந்தது. அலறுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, அதனால்தான் அலறுகிறான். இழுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கம்மென்று ஆனால் அது குணம் இல்லை. உள்ளே காற்றே போகவில்லை என்று அர்த்தம். அவளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதே மாதிரிக் கேள்வி பெங்களூரிலும் வந்தது. ஒன்றல்ல, மூன்று நான்கு. ஒவ்வொன்றிலும் சத்தத்தின் பக்கம்தான் ஓடியிருந்தாள்.

தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

மிக்கேலம்மாள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. வாய் மூடியிருந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நேற்று மாலையிலிருந்தே இல்லை என்பது பிளசிக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்றிலிருந்து அழுததெல்லாம் தான்தான். அம்மா தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். போனைப் போட்டுவிட்டு நகர்ந்து போய், அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

"அம்மா, பேசும்மா. என்னயத் திட்டாவது திட்டு."

மிக்கேலம்மாள் வாயைத் திறந்தாள். குரல் யாருடையதோ போலிருந்தது.

"நிறுத்தத்தான் கண்ணு போனேன். சத்தியமா. உபதேசியார் வூட்டு வாசல்ல போய் நின்னேன். எத்தன வருசமா அவங்க தோட்டத்துல காய் பறிக்கறேன், ஒரு நாளும் வாசப்படிய நான் தாண்டுனதில்ல. என்னயப் பாத்ததும் உள்ள கூப்பிட்டாங்க. வூட்டுக்காரம்மா நாற்காலியத் தொடச்சுப் போட்டு, 'உக்காருங்க'ன்னாங்க. ங்க போட்டாங்க கண்ணு. எனக்கு."

மிக்கேலம்மாளின் உதடு கோணிக்கொண்டது.

"உக்காந்தேன். காப்பி குடுத்தாங்க. நிறுத்தச் சொல்ற பேச்சு வாய்க்கு வரவேயில்ல. ஒரு நாளைக்கு இருந்துட்டுப் போவட்டுமேன்னு வந்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்க. பிளசி பிடித்த கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். தெரிந்த ஆறுதலையெல்லாம் பஸ்ஸிலேயே தீர்த்துவிட்டிருந்தாள். ஒரு நாளாவது அந்த நாற்காலியில் இருந்திருக்க வேண்டியவளைத் தானே கையைப் பிடித்து எழுப்பிவிட்டோம் என்று நினைத்தாள். கோயில் வாசலில் தான் சொன்னது உண்மைதான். அதைத் திரும்பச் சொல்லிக்கொண்டு என்ன பயன்?

"மறுபடி எழுதறேம்மா" என்றாள். சொல்லும் வரை எழுதுவாள் என்று அவளுக்கே தெரியாது. "இந்தத் தடவ பாஸாயிடுவேன்."

மிக்கேலம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"எழுது கண்ணு. பாஸானா யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். "எங்கிட்டயும் சொல்ல வேணாம். ஏரோப்ளேன் ஏறப்போற அன்னிக்குச் சொன்னாப் போதும்."