குகையின் கிழக்கு வாய்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: பல் செட் செய்து பிழைக்கும் வீட்டுக்காரரான அத்தான், அச்சகத்தில் பிழை திருத்தும், பஞ்சாங்கம் என்று பட்டப்பெயர் வாங்கிய நண்பர், சரக்குப் பெட்டி யார்டின் ஷிப்ட் சூப்பர்வைசர், டீத் தட்டோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்த அக்கா, கடைசியாக, மூன்று வாரமாக வேலைவெட்டி இல்லாத அக்காவின் தம்பி. அவனைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் அரை நிமிடம் நிற்க மாட்டான். அன்றைக்குக் கால் நிமிடம்கூட நிற்கவில்லை.

காரணம் இருந்தது. சூப்பர்வைசரிடம் வேலையைத் திரும்பக் கேட்டாக வேண்டும். கிளம்பும்போது மனைவி கதவுவரை வந்து சொல்லியிருந்தாள்: "பொம்மை ரயில் ஓட்டு, என்ன வேணா பண்ணு. கேக்காம மட்டும் வந்துடாத."

வேலை போன கதை சின்னது. ரயிலில் வரும் ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் நாலு மூலையிலும் பூட்டு இருக்கும். அதைத் திறந்த பிறகுதான் கிரேன் தூக்கலாம். திறக்காமல் தூக்கினால் பெட்டியோடு வண்டியும் மேலே வரும். ஒரு நாள் இரண்டு பூட்டு திறக்கவில்லை என்று பம்பரம் கிரேனுக்குக் கை காட்டவில்லை. "பூட்டு தெறந்தாச்சுன்னு தாள்ல டிக் இருக்கில்ல, தூக்கச் சொல்லு" என்றார் சூப்பர்வைசர், வாக்கி டாக்கியில். இவன் முடியாது என்றான். நாற்பது நிமிடம் வாக்குவாதம். கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு நடந்துவிட்டான். பூட்டு நிஜமாகவே திறக்கவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். அதனால் யாருக்கும் அவன்மேல் பிரியம் கூடிவிடவில்லை. அந்த வேலையை முதலில் வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான். ஞாயிற்றுக்கிழமை பொம்மை ரயில் பழக்கத்தில் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் கொடுத்தது.

அத்தானின் பொம்மை ரயில், வாசலிலிருந்து நாலு படி இறங்கும் கீழ்த்தளத்தில், சுவரோரமாக நெஞ்சு உயரத்தில் அடித்த பலகைமேல் ஓடியது. ஒரு கோடியில் துறைமுகம், மறு கோடியில் யார்ட், நடுவில் ஒரு மலை, மலைக்குள் குகை. மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவார்கள். காலையில் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் நாற்பது வருடத்தை ஓட்டி முடிப்பார்கள். முதலில் அறுபத்தைந்தாம் வருடம்: லாரியின் பின்பாதியைச் சக்கரத்தோடு அப்படியே தட்டை வண்டியில் ஏற்றிப் போகும் ரயில். அதற்கு அவர்கள் வைத்த பெயர் உப்புமூட்டை. மதியம் எண்பத்தைந்து: சக்கரம் போய்ப் பெட்டி மட்டும், ஒரே அடுக்கு. மூன்று மணிக்குமேல் இரண்டாயிரத்து ஐந்து: பள்ளம் வைத்த வண்டியில் பெட்டிமேல் பெட்டி, இரட்டை அடுக்கு.

ஓட்டுகிற வருடத்தில் இல்லாத எதுவும் அறைக்குள் இருக்கக் கூடாது. அதைக் காவல் காப்பதுதான் பஞ்சாங்கத்துக்குப் பிறவிப் பயன். எந்த விளக்குக் கம்பம் எந்த வருடம் வந்தது, எந்த லாரி எப்போது நின்றது என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். செல்போன்கள் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். பேச்சுக்கும் அதே சட்டம். அந்த வருடத்தில் புழங்காத சொல்லைச் சொன்னவனின் ரயில் பத்து நிமிடம் லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும்.

பம்பரம் உப்புமூட்டையைத் துறைமுகத்திலிருந்து கிளப்பினான். கையில் கட்டுப்பாட்டுப் பெட்டி; ரயில் நகர நகர, பக்கத்திலேயே நடக்க வேண்டும். நடப்பது அவனுக்குத் தோதாக இருந்தது. சூப்பர்வைசர் உயர நாற்காலியில் உட்கார்ந்து, எந்த ரயில் எப்போது போகலாம் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சீட்டு வாங்கப் போன சாக்கில் பம்பரம் ஆரம்பித்தான்.

"சார், நம்ம கன்டெய்னர் யார்ட்ல..."

"லூப்!" என்று கத்தினார் பஞ்சாங்கம். "அந்தச் சொல்லு நம்ம ஊர்ப் பேச்சுக்கு வர இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கு. பத்து நிமிஷம் நில்லு, தம்பி."

"ரயிலு நிக்கட்டும் அண்ணே, நான் பேசலாமில்ல?"

சூப்பர்வைசர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அறுபத்தஞ்சுல நான் எங்கம்மா வயித்துலகூட இல்லப்பா. எங்கிட்ட வேலை கேட்டா எப்படி?"

எல்லோரும் சிரித்தார்கள். பம்பரமும் சிரித்தான். பல்லோடு நின்றுபோன சிரிப்பு. பத்து நிமிடம் அறையின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடந்தான்.

"டேய், டீய உக்காந்து குடிடா" என்றாள் அக்கா. "நின்னுக்கிட்டுக் குடிச்சா காலுக்கா போகும்?"

எண்பத்தைந்தில் மறுபடி போனான். "சார், இப்ப நீங்க பொறந்தாச்சு."

"பொறந்தாச்சு. எட்டாங்கிளாஸ். கணக்குல பெயில்" என்றார் சூப்பர்வைசர். "பெயிலானவன்கிட்ட சிபாரிசு கேக்காத. ரெண்டாயிரத்து அஞ்சுக்கு வா, யோசிப்போம்."

அத்தான் அவனைத் துறைமுகக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "மொகத்தக் கொஞ்சம் நேரா வச்சுக்கிட்டுக் கேளு. தூக்குல தொங்கப் போறவன் மாதிரி நிக்காத. அவரு நக்கல் பண்றாருன்னா மனசுல வெறுப்பு இல்லன்னு அர்த்தம்."

"நாள் முடிஞ்சிரும் அத்தான்."

"இன்னும் இருபது வருஷம் இருக்குடா."

மூன்று மணிக்கு எண்பத்தைந்தை இரண்டாயிரத்து ஐந்தாக மாற்றும் வேலை தொடங்கியது. அதற்கென்று முப்பத்தோரு வரியில் ஒரு தாள் இருந்தது. ஒவ்வொன்றாகச் செய்து டிக் போட வேண்டும். பழைய லாரிகள் அலமாரிக்கு உள்ளே, புதியவை வெளியே. துறைமுகத்தின் சின்னக் கிரேன் போய்ப் பெரிய கிரேன். பதினெட்டாவது வரி குகை. பழைய ரயில்களுக்கு ஏற்ற தாழ்ந்த கல் வளைவு குகையின் இரண்டு வாயிலும் இருக்கும். இரட்டை அடுக்கு அதற்குள் நுழையாது. வளைவைக் கழற்றி உயரமானதை வைக்க வேண்டும். மேற்கு வாய் கைக்கு எட்டும். கிழக்கு வாய் மலைக்குப் பின்னால், அறை மூலையில். பலகைக்கு அடியில் தவழ்ந்து போய் அந்தப் பக்கம் எழ வேண்டும். குகை அன்றைக்குச் சூப்பர்வைசரின் பொறுப்பு. அவருக்கு வயிறும் பெரிது, முட்டியிலும் வலி.

பம்பரம் லாரிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கழற்றிய சாமான்களைப் போடும் அட்டைப்பெட்டியைப் பார்த்தான். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் தாழ்ந்த வளைவு ஒன்றுதான் கிடந்தது. உயர வளைவு ஒன்று அலமாரியிலேயே இருந்தது. தாளைப் பார்த்தான். பதினெட்டாவது வரிக்கு நேராகக் கொழுத்த டிக் இருந்தது.

செல்போன் வந்துவிட்ட வருடம் என்பதால் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்கள். மனைவியிடமிருந்து ஏழு செய்தி. ஏழும் ஒரே சொல்: கேட்டாச்சா?

இரட்டை அடுக்கு ரயிலை அத்தான் அன்றுதான் முதல்முறையாக முழு நீளத்துக்கு விடுகிறார். முன்னால் இழுக்க ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒரு எஞ்சின், நடுவில் இருபத்து நாலு பள்ள வண்டி, நாற்பத்தெட்டுப் பெட்டி. பெட்டிகள் எல்லாம் பல் செட்டுக்குக் கலக்கும் அதே பிசினில் அச்செடுத்து, தேய்த்து, வர்ணம் தீட்டியவை. இரண்டு வருட வேலை. ஒன்று மட்டும் ஈறு நிறத்திலேயே இருந்தது; பஞ்சாங்கம் எவ்வளவு ஆட்சேபித்தும் அத்தான் அதை மாற்றவில்லை. "இது எங்க பட்டறை முத்திரை" என்பார். ஓட்டுகிற வாய்ப்பைப் பம்பரத்துக்கே கொடுத்துவிட்டு, அவர் துறைமுகக் கோடியில் போய் நின்றார். ரயில் வந்து சேர்வதை அங்கிருந்து பார்க்க வேண்டுமாம்.

பம்பரம் சூப்பர்வைசரிடம் போனான். "சார், ரெண்டாயிரத்து அஞ்சு."

"கேளு."

"வேலை வேணும் சார்."

சூப்பர்வைசர் இந்த முறை சிரிக்கவில்லை. "வேலை இருக்கு. ஆளும் வேணும். ஆனா ஒவ்வொரு டிக்குக்கும் எங்கிட்ட வந்து சாட்சி கேக்கற ஆளு வேண்டாம். நாப்பது நிமிஷம், தம்பி! என் சர்வீஸ்ல ஒரு ரயிலு அப்படி நின்னதில்ல. நீ சொன்னது சரியா தப்பான்னு நான் பேசல. நின்னுதா இல்லையா?"

"நின்னுது சார்."

"அதான். போ, வண்டியக் கிளப்பு. லைன் கிளியர்."

பம்பரம் வாயைத் திறந்தான்.

"என்ன?" என்றார் சூப்பர்வைசர். புருவம் மட்டும் ஏறியது.

"ஒண்ணுமில்ல சார்."

வழி இல்லாமல் இல்லை. பென்சில் விழுந்துவிட்டது என்று பலகைக்கு அடியில் நுழைந்திருக்கலாம். எஞ்சின் மக்கர் செய்கிறது என்று நிறுத்தியிருக்கலாம். அத்தானைக் கூப்பிட்டுக் காதில் ஓதியிருக்கலாம். அத்தனையும் அவனுக்குத் தோன்றியது. எதைச் செய்தாலும் சூப்பர்வைசரின் டிக் பொய் என்று இன்னொரு முறை ஊருக்குச் சொன்னதாகிவிடும். விரல் குமிழைத் திருப்பியது. யார்டிலிருந்து ரயில் நகர்ந்தது. அன்று முழுதும் பரபரத்த கால்கள் அப்போது நிதானமாக நடந்தன. அதுதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

எஞ்சின் மேற்கு வாயில் நுழைந்தது. முதல் வண்டி, இரண்டாவது வண்டி. மேல் அடுக்குக்கும் வளைவுக்கும் நடுவில் நல்ல இடம். சூப்பர்வைசர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். எட்டு வண்டி உள்ளே போய்விட்டது. கிழக்குப் பக்கம் எஞ்சின் தலை நீட்டியது.

பிறகு கடுக் என்று ஒரு சத்தம். முதல் வண்டியின் மேல்பெட்டி வளைவில் மோதியது. அப்போதே நிறுத்தியிருந்தால் ஒரு பெட்டியோடு போயிருக்கும். பம்பரம் சூப்பர்வைசரின் வாயைப் பார்த்தான். நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. முன் எஞ்சின் இழுத்தது, பின் எஞ்சின் தள்ளியது. பின்னால் இருந்த கனம் முழுதும் முன்னால் வந்து முட்டியது. குகைக்குள் இன்னும் நுழையாத வண்டிகள் வளைந்து எழுந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, பலகை விளிம்பைத் தாண்டிச் சிமெண்டுத் தரையில் விழுந்தன.

"நிறுத்துடா!" என்று சூப்பர்வைசர் அப்போதுதான் கத்தினார்.

அத்தான் ஓடி வந்தார். முட்டி போட்டு உட்கார்ந்தார். பிசின் உடைந்தால் பல் மாதிரிதான் உடையும், ஓரம் கூராக. பஞ்சாங்கம் பலகைக்கு அடியில் தவழ்ந்து போய், மலைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "கிழக்கு வாய்ல அறுபத்தஞ்சு வளைவு அப்படியே இருக்கு" என்றார். அவர் குரலில் வருடம் தப்பிய வருத்தமும் இருந்தது.

"மேக்கால மாத்தும்போதே ரெண்டையும் மாத்தின ஞாபகம்" என்றார் சூப்பர்வைசர். முகம் சிவந்திருந்தது. "முட்டி வலி உசுர எடுக்குது. மன்னிச்சுக்கங்க. நான் வேணா உக்காந்து ஒட்டித் தர்றேன்."

"பரவால்ல. நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தான், நிமிராமல்.

சூப்பர்வைசர் சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். கதவருகில் பம்பரத்தின் தோளில் கை வைத்தார். "செவ்வாக்கெழம காலை ஷிப்ட். ஆறு மணிக்கு வந்துரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொன்னதும் கிளப்பின பாரு. அது போதும்."

பஞ்சாங்கமும் அவரோடேயே போய்விட்டார். பம்பரம் செல்போனை எடுத்து, கெடச்சிருச்சு என்று மனைவிக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது. அதைப் படிக்காமல் பாக்கெட்டில் போட்டான். குனிந்து பெட்டிகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

அத்தான் அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றை வளைவைக் கையில் எடுத்தார்.

"இத நீ பாத்தியா?"

பம்பரம் இன்னொரு பெட்டியைப் பொறுக்கினான்.

"லாரி அடுக்கினது நீதான். இந்த அட்டைப்பெட்டி உன் காலடியில இருந்துச்சு. பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் அத்தான்."

"எப்ப?"

"மாத்தும்போதே."

"நான் பத்தடி தள்ளித்தானேடா நின்னேன்?"

"சொல்லியிருந்தா அவரு டிக்கத்தான் மறுபடி பொய்யாக்கியிருப்பேன். வேலை வந்திருக்காது." குரல் உயர்ந்தது. "உசுரா போச்சு? பொம்மைதான அத்தான்! அங்க நிஜப் பெட்டிக்கு நின்னேன். என்னைத் தெருவுலதான விட்டாங்க? நீங்ககூட அன்னிக்கு என்ன சொன்னீங்க? கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருக்கலாமேன்னு நீங்கதான சொன்னீங்க?"

அத்தான் சொன்னதுதான். அவர் அதை மறுக்கவில்லை. வளைவை அட்டைப்பெட்டியில் வைத்தார்.

"பொம்மைதான்" என்றார். "செவ்வாக்கெழம நிஜ கிரேனுக்குக் கை காட்டப் போற. அதுக்குக் கீழ ஆளு நிப்பான்."

"அங்க அப்படி விடுவேனா?"

"எனக்கென்னடா தெரியும்? இன்னிக்குக் காலைல கேட்டிருந்தா நீ விட மாட்டேன்னு நானே சத்தியம் பண்ணியிருப்பேன்."

அக்கா படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "தம்பி, நீ கிளம்பு."

"இதப் பொறுக்கிக் குடுத்துட்டுப் போறேன்க்கா."

"எதையும் தொடாத. கிளம்பு."

அவன் கையிலிருந்த நாலு பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தான். அத்தான் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். செருப்பை மாட்டும்போது இடது வலது மாறிப்போனது, மாற்றி மாட்டினான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடுத்த மாசம் வரட்டுமா அத்தான்?"

அத்தான் கதவை அகலத் திறந்து பிடித்தார். வெளியே வெயில் இன்னும் இருந்தது. பம்பரம் நாலு படி ஏறி, திரும்பினான். கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. பிறகு சாவி ஒரு சுற்று, இன்னொரு சுற்று.