புள்ளி இருக்கிற பக்கம்

"டேய் நெட்டை! அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது யாராவது ஸ்விட்ச்ச அணைப்பாங்களாடா? மூளைய எங்க அடகு வச்ச?"

மனைவி இப்படிக் கேட்டுச் சிரித்தபோது, மேசைக்குப் பின்னால் நின்ற கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை டக்கென்று மேசைமேல் வைத்தான்.

வந்திருந்தவன் அவளோடு கல்லூரியில் படித்தவன். வீடியோ எடிட்டிங் செய்கிறவன். கடைக்குள் குனிந்துதான் வரவேண்டிய உயரம். செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து மதர்போர்டை மட்டும் கழற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்திருந்தான்.

"நான் எங்க அணைச்சேன் வாலு? எங்கம்மா வீடு பெருக்கறேன்னு பிளக்க பிடுங்கிட்டாங்க!"

வாலு! இரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவனுக்கு அந்த வால் கண்ணில் பட்டதே இல்லை. புருஷனிடம் அவள் பேசுவதெல்லாம் 'என்னங்க', 'வாங்க', 'சரிங்க'தான். என்னையும் ஒருதரம் 'டா' போட்டுப் பேசேன் என்று வாய்விட்டே கேட்டிருக்கிறான். "ஐயோ, வரமாட்டேங்குதுங்க" என்று அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். வராத வாய், இந்த நெட்டைக்கு மட்டும் எப்படி வருகிறதாம்?

"பயாஸ் சிப் போயிடுச்சுங்க" என்றாள் இவன் பக்கம் திரும்பி. குரலில் பழைய மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது. "புதுசு போட்டுடலாம்."

கம்ப்யூட்டர் கண் விழித்ததும் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற சின்னச் சிப் அது. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் எல்லாம் மறந்துவிடும். புதுச் சிப்பில் விஷயத்தை ஏற்றுவது அவள் வேலை, அதை மதர்போர்டில் இருக்கிற சாக்கெட்டில் பொருத்துவது இவன் வேலை. சிப்பின் ஒரு மூலையில் கடுகளவு புள்ளி இருக்கும். சாக்கெட்டின் குறியும் அதுவும் ஒரே பக்கம் வரவேண்டும். மாற்றி வைத்துக் கரண்ட் கொடுத்தால் சிப் பொசுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அவள், "புள்ளி பாத்தீங்களா?" என்பாள். இவன், "பாத்தாச்சு" என்பான்.

இன்று அவள் கேட்கவில்லை. சிப்பை எழுதி இவன் கையில் கொடுத்துவிட்டு, விடுதிச் சுவர் ஏறிக் குதித்த கதைக்குப் போய்விட்டாள்.

"நீ மாட்டிக்கிட்டு முழிச்சியே வாலு, அந்த முழி!"

"நீ மட்டும் என்னடா, செருப்ப விட்டுட்டு ஓடின!"

சுவர் ஏறினாளா? இவளா? கடைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு சிப்பைச் சாக்கெட்டில் வைத்து அழுத்தினான். கண் சிப்பில் இல்லை. ஒயர்களை மாட்டினான். கை ஸ்விட்சுக்குப் போனது.

"டேய்! கைய எடுடா லூசு!"

கடையே அதிர்ந்தது. நெட்டை இரண்டு கையையும் தூக்கினான். "நான் எதையும் தொடலையே!"

அவள் பார்த்தது அவனை அல்ல. கணவன் விரல் ஸ்விட்சுக்கு மேலே அப்படியே நின்றது. சாக்கெட்டில் புள்ளி எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ... மன்னிச்சிருங்க. பதட்டத்துல..."

கடைக்காரன் சிப்பை மெல்ல நெம்பி எடுத்து, திருப்பி வைத்து அழுத்தினான். காது மடல்வரை சிரிப்பு பரவியதை மறைக்கக் குனிந்தே இருந்தான்.

"புள்ளி பாத்தீங்களா?" என்றாள் சன்னமாக.

"பாக்கலைன்னா என்ன சொல்லுவ?"

அவள் நெட்டையைப் பார்த்தாள். அவன் தன் மதர்போர்டைத் தவிர உலகத்தில் வேறெதையும் கவனிக்கவில்லை. அவள் கணவன் காதருகே குனிந்தாள்.

"போடா."

அவன் ஸ்விட்சைப் போட்டான். மதர்போர்டின் குட்டி விசிறி சுழன்றது, திரையில் எழுத்து ஓடியது. நெட்டை துள்ளியதில் தலை கூரை மின்விசிறியில் இடிக்கப் பார்த்தது.

"பாத்துப்பா" என்றான் கடைக்காரன், முதல்முறையாக அவனிடம் பிரியமாக. "காபி சொல்லட்டுமா?"