பந்தக்கால் நட்ட வீடு

ஒல்லாந்தர் கோட்டையில் அந்த வழக்கு அரை நாழிகைகூட நிற்கவில்லை. ஜெயித்தவன் துளசிங்கம். ஜெயித்த மனுஷனுக்கு முகம் ஏன் அப்படிச் செத்துக் கிடந்தது என்று கேட்டால், அது அவன் மகள் குப்பம்மாவின் கல்யாணத்தில் ஆரம்பித்த வினை.

கோட்டைக்குப்பத்தில் மீன் பிடிக்க ஏரியைப் பாடு பாடாகப் பிரித்துச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள்; ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் வலை போடக்கூடாது. அந்த வருஷம் முகத்துவாரத்துப் பாடு, இறால் கொட்டுகிற இடம், அங்கமுத்துவுக்கு விழுந்தது. கல்யாண விருந்துக்கென்று துளசிங்கம் அங்கே ஒருநாள் வலை போட்டான். ருசி கண்டுவிட்டது, அப்புறம் அந்த இடத்தை விடவேயில்லை.

அங்கமுத்து வாயைத் திறக்கவில்லை. பந்தக்கால் நட்ட வீட்டின்மேல், பெண் புருஷன் வீடு போய்ச் சேரும்வரை யாரும் பிராது சொல்லக்கூடாது என்பது குப்பத்து வழக்கம். புயலும் மழையும் பிடித்துக்கொள்ள, குப்பம்மாவை அனுப்பத் தை மாதமாகிவிட்டது. அதற்குள் இறால் பருவமும் முடிந்தது.

அவள் போன மறுநாளே அங்கமுத்து பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னான். ஊர் முன்னால் நின்றால் தோற்போம் என்று துளசிங்கத்துக்குத் தெரியாதா? அதனால்தான் அந்தக் கள்ளன் கோட்டைக்கு ஓடினான்.

"பருவம் முச்சூடும் இவன் கண்ணு முன்னாடிதான் வலை போட்டேன் தொரை. அப்போ சும்மா இருந்துட்டு இப்போ வந்து நிக்கிறான். அவன் பிராதை விசாரிக்காமலே தள்ளிடுங்க" என்றான்.

துபாஷி அதைக் கோட்டைத் துரையின் பாஷையில் எடுத்துச் சொன்னார். துரைக்கு அது நியாயமாகவே பட்டது. இத்தனை நாள் பொறுத்தவன் சம்மதித்தவன்தானே? ஏன் தாமதம் என்று அங்கமுத்துவைக் கேட்டார்.

கல்யாணமான பெண்ணின் பேரைக் கோட்டையில் இழுக்க அங்கமுத்துவுக்கு மனசு வரவில்லை. "அண்ணனுக்கே தெரியும், அவரையே கேளுங்க" என்றான்.

துரை துளசிங்கத்தின் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வழக்கைத் தள்ளிய துரை, பாடு இனி துளசிங்கத்துக்கே என்றும் சொல்லிவிட்டார்.

அடுத்த மழைக்கு இறால் வலை கொள்ளாமல் வந்தது. துளசிங்கத்துக்குத்தான் அதில் ஒன்றைக்கூடத் தின்ன மனசு வரவில்லை. வெட்கத்தை விட்டுக் காட்டூருக்குப் போனான். படகை விற்றுவிட்டு அங்கமுத்து அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பு எம்மேலதான் தம்பி. வந்து உன் பாட்டை எடுத்துக்க."

அங்கமுத்து சேற்றுக்கையோடு நிமிர்ந்தான். "படகே இல்லியேண்ணா. இனிமே எடுத்து இன்னா பண்றது?" என்றான். கோபம் துளியும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவனே கேட்டான்:

"பாப்பா புருஷன் வூட்டுல நல்லாக்கீதாண்ணா?"

துளசிங்கம் வரப்பில் உட்கார்ந்து அழுதான்.