பத்தடி ஹாலில் ஒரு குடம்

தனலட்சுமியக்கா செல்போனைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னார். "பாலம்மா, மூணு எடத்துல உன் குடமே விழல. நீயே கேளு."

என் மனைவி பாலம்மாள் குனிந்து கேட்டாள். போன வாரம் ஆழ்வார்குறிச்சிக் கோயில் கொடைத் திருவிழாவில் அவர்கள் குழு பாடிய வில்லுப்பாட்டின் பதிவு அது. குழுவின் தலைவியான அக்காவின் குரல் கேட்டது. அவர் வில்லில் அடிக்கும் வீசுகோலின் மணி கேட்டது. உடுக்கையும் கேட்டது. குடத்தின் அடி விழவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"அடிச்சேன்க்கா."

"அடிச்சா கேக்கணும்லா. கை தளந்துட்டுன்னா தளந்துட்டுன்னு சொல்லு. செவ்வாக்கெழமைக் கொடைக்கு, குடத்துக்குப் பதிலா எலக்ட்ரிக் பேடு அடிக்கிறவளச் சொல்லி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம வந்து முடிவு சொல்லுதேன்."

பாலம்மாள் பதினோரு வருடமாக அந்தக் குழுவில் குடம் அடிக்கிறாள். மாசியில் அவளுக்கு மணிக்கட்டு பிசகிச் சரியானது. அதனால் அக்காவின் சந்தேகத்தை அநியாயம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அன்று மாலை முழுவதும் அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடையன்று நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் இடித்தது. குற்றம் போனில்தான். நகக்கண் அளவு இருக்கும் அதன் வாயிலிருந்து குடத்தின் கனத்த ஒலி எப்படி வெளியே வரும்? இதைச் சொல்லி அக்காவை நம்ப வைக்க முடியாது. இயர்போனில் கேளுங்கள் என்றால், காதில் எதைச் செருகினாலும் தலை சுற்றும் என்பார். அவர் முன்னால் குடத்தைக் கேட்க வைப்பதுதான் வழி.

நல்ல ஸ்பீக்கர் வாங்குவதைப் பற்றி நாங்கள் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். இடம் இல்லையென்று தள்ளிப்போனது. தச்சநல்லூரில் எங்கள் வாடகை வீட்டு ஹால் பத்தடிக்குப் பதினொன்று. அதற்குள் கட்டில், பீரோ, டிவி மேசை, மூலையில் வைக்கோல் புரிமணைமேல் பாலம்மாளின் குடம். நான் நில அளவையர். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்தவன், சொந்த ஹாலில் அன்றுதான் டேப்பை விரித்தேன்.

சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள்தான் இந்த வீட்டுக்குச் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவற்றை எங்கே வைப்பது? சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஸ்டூல் போட்டால் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி இடத்தைப் பிடிக்கும். தரையில் தானே நிற்கும் ஒல்லியான பெட்டிக்கோ எட்டங்குல அகலமும் பத்தங்குல நீளமும் போதும். அந்த அளவுக்குச் செய்தித்தாளை இரண்டாக வெட்டி, டிவி மேசைக்கு இருபுறமும் தரையில் ஒட்டினேன். இரண்டு நாள் அதன் நடுவே நடமாடினோம். பாலம்மாள் கழுவிய பாத்திரங்களோடு போனபோதும் தாளை மிதிக்கவில்லை.

அவள் தம்பி இசக்கிமுருகன் வாசலில் நின்று பார்த்தான். "அத்தான், இங்கன மனுசன் நிக்கவே எடத்தக் காணும். பெட்டி நிக்கணுமாக்கும்?"

"பெட்டி உன்ன மாதிரி காலை நீட்டாதுலே," என்றாள் பாலம்மாள்.

சனிக்கிழமை காலை பாளையங்கோட்டையில் யஹ்யா பாய் கடைக்குப் போனோம். கொடைப் பதிவைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். முதலில் நெஞ்சுயரப் பெட்டிகளைப் போட்டார். குடம் வந்தது, ஆனால் போக மறுத்தது. ஓர் அடியின்மேல் அடுத்த அடி ஏறிக்கொண்டது. பிறகு ஸ்டூல்மேல் வைத்த சின்னப் பெட்டிகள். அக்காவின் குரல் தேனாக வந்தது, குடம் பிளாஸ்டிக் வாளியைத் தட்டியதுபோல் இருந்தது. மூன்றாவது ஜோடி இடுப்புயரம், ஒல்லி. காற்று வெளியேறும் துளை முன்பக்கம் அடியில் இருந்தது. சுவரோரம் வைக்க அது தோது என்றார் பாய்.

பாலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் தொடையில் தட்டின.

"ரெண்டாவது அடி கொஞ்சம் லேசா விழுந்திருக்கு. தெரியுதா?" என்றாள் என்னிடம். வெளியிலிருந்து தன் குடத்தை அவள் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எங் கடை வேற, ஒங்க ஹால் வேற அண்ணாச்சி," என்றார் பாய். "கொண்டுபோயி வச்சுப் பாருங்க. குடம் குடமாக் கேக்கலன்னா திங்கக்கெழம திருப்பிக் கொண்டாந்துருங்க."

வீட்டில் வைத்ததும் தப்பு நடந்தது. கனமான சாமான் கன்னி மூலைக்குத்தான் என்று இடது பெட்டியைத் தென்மேற்கு மூலையில் அண்டக்கொடுத்தோம். குடம் இடியாக உருண்டது. பீரோக் கதவு அதிர்ந்தது.

"கொடைக்கு வேட்டுப் போடுதியளா அத்தான்?" என்றான் இசக்கி.

 பாலம்மாள் குடத்தைத் தூக்கி ஹால் நடுவே புரிமணையோடு வைத்தாள். குடம் அடிக்கும் கமுகம்பாளைப் பத்தியை எடுத்து ஒரே ஓர் அடி அடித்தாள்.

"இது விழுந்ததும் நிக்குது. அது நிக்க மாட்டேங்குது. பெட்டியத் தள்ளுங்க."

மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளினேன். அவள் ஒரு முறை அடித்தாள், பிறகு பெட்டியைக் கேட்டாள். "இன்னும்." இரண்டாவது சாண். "இன்னும்." மூன்றாவது சாணில் பத்தியைக் கீழே வைத்துவிட்டாள். காலியான கன்னி மூலைக்குப் பீரோவை நகர்த்தினோம். பீரோவும் கனம்தானே. நடமாட முன்பைவிட ஓரடி கூடுதலாகக் கிடைத்தது.

ஞாயிறு பத்து மணிக்கு அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, ரெண்டு தூணு நட்டிருக்கீய?"

பதிவை ஓடவிட்டேன். போனில் விழாத முதல் இடம் வந்தது. 'பும்' என்றது குடம். அக்கா நிமிர்ந்தார். இரண்டாவது இடத்திலும் விழுந்தது. மூன்றாவது இடம் வந்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால போயிப் போடுங்க."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். பாலம்மாள் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். மூன்றாம் தடவை எனக்கே தெரிந்தது. குடம் அதன் இடத்தில் சரியாக விழுந்தது. மயிரிழை தாமதமாக அதன் பின்னால் வந்தது வீசுகோலின் மணி.

அக்கா பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"அது நாந்தாம்லா பிந்தியிருக்கேன்."

"அக்கா, ஒங்க கோலுக்கும் ஒரு எலக்ட்ரிக் பேடு சொல்லிருவமா?" என்றான் இசக்கி.

"ஏலே, சும்மா கெட," என்றார் அக்கா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதே போனை எடுத்து எண்ணை அழுத்தினார். "செவ்வாக்கெழமைக்கு பேடு வேண்டாம் தாயி. குடத்துக்கு எங்க ஆளு இருக்கு." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மொதல்லருந்து போடுங்க அண்ணாச்சி."

பாலம்மாள் குடத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்த பாலம்மாளோடு சேர்ந்து இவளும் அடித்தாள். இரண்டும் ஒரே அடியாக விழுந்தன. சத்தம் கேட்டு எதிர்வீட்டு வடிவம்மாள் நடைவாசலில் வந்து நின்றார். ஹாலுக்குள் ஒரே ஒரு குடத்தைத்தான் பார்த்தார்.

"என்ன பாலம்மா, கொடை எப்பம்?"

"செவ்வாக்கெழம," என்றாள் அவள், கை நிற்காமல்.