முன்பல் இரண்டு

அடிபட்ட காருக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது என் தொழில். நான் சரிசெய்த கதவில் எங்கே அடிபட்டது என்று வண்டிக்குச் சொந்தக்காரனாலேயே கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் முன்பல் இரண்டும் பாதி உடைந்தவை. இருபது வருடத்துக்கு முன்னால் ஸ்பேனர் நழுவி வாயிலேயே அடித்தது. அன்றிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்ததில்லை.

மகள் பல் டாக்டராகிச் சொந்தமாகக் கிளினிக் திறந்ததும், முதல் ஆளாக என்னைத்தான் நாற்காலியில் சாய்த்தாள்.

"முடிஞ்சதும் பார்த்துட்டு உள்ளதைச் சொல்லணும். பொண்ணாச்சேன்னு பூசி மெழுகக் கூடாது."

"என் வாயில பொய் வருமா?" என்றேன். சொல்லத்தான் சொன்னேன். வேலை சரியில்லை என்றால் அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினாள். பசை போலிருந்த ரெசினைத் துளித்துளியாக வைத்து, சின்ன பிரஷ்ஷால் இழுத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தாள். மறுபடி ஒரு படலம், மறுபடி விளக்கு. அட, இது நம்ம பட்டி வேலையல்லவா! தேய்ப்பதுகூட முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸ் தாளில் முடிக்கும் அதே வரிசைதான். இரண்டரை மணி நேரத்தில் தாடை கழன்றுவிடும் போலாகிவிட்டது.

எழுந்ததும் கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனேன். டியூப்லைட்டை நம்புகிறவன் பெயின்டரே இல்லை. நகத்தால் வருடினேன்; ஒட்டு தட்டுப்படவில்லை. வடிவமும் கச்சிதம். ஆனால் பக்கத்துப் பற்கள் பளிச்சென்று இருக்க, அவள் செய்த இரண்டும் மங்கித் தெரிந்தன.

சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"கலர் சேரலம்மா."

பக்கத்தில் நின்ற நர்ஸ் தலை குனிந்துகொண்டாள். மகள் அசரவில்லை.

"இவ்வளவு நேரம் வாயைத் திறந்தே வச்சிருந்தீங்க. உங்க பல்லு காஞ்சு வெளுத்திருக்கு. நான் ஆரம்பத்துலயே, ஈரம் இருக்கும்போதே கலர் பார்த்துட்டேன். நாளைக்குக் காலையில பாருங்க."

"காஞ்சா சரியாயிடும்னு சாக்குச் சொன்ன எத்தனை பேரை நான் பட்டறையை விட்டுத் துரத்தியிருக்கேன் தெரியுமா?"

"இது காஞ்சா இல்லப்பா, நனைஞ்சா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கையுறையைக் கழற்றும்போது என்னைப் பார்க்கவில்லை. முதல் நாளே பிள்ளையின் மனசை நோகடித்துவிட்டோமே என்று வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை பட்டறை வாசலில், வெயிலில் நின்ற காரின் பக்கக் கண்ணாடியில் குனிந்து இளித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே நிறம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரே நிறம்தான்.

பட்டறையைத் திறக்காமலே கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே காத்திருந்தவர்கள் முன் நின்று, "இதுல எது எம்பொண்ணு செஞ்சது, சொல்லுங்க பார்ப்போம்!" என்று பல்லைக் காட்டினேன். ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்து, யோசித்து, ஓரத்துப் பல்லைக் காட்டினார். அது என் சொந்தப் பல்.

கூரை அதிரச் சிரித்தேன். சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள்.

"அப்பா! என்ன இது, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். உள்ளதைச் சொல்லச் சொன்னியே, சொல்றேன். இவ்வளவு சுத்தமான வேலையை நான் என் ஆயுசுல செஞ்சதில்லம்மா."