குப்பைத்தொட்டியில் இருந்த முழங்கால்

நம் கத்தரியின் கதையைச் சொல்கிறேன், சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள். கத்தரி என்பது, கத்தரிக்கோலை நினைத்து, அவனுக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர். ஊருக்கு ஒருவராக இருபது பேர் சேர்ந்து ஒரு இயங்குதளம் செய்துகொண்டிருந்தார்கள். கணினியைப் போட்டதும் திரையில் விரிகிற மேசை, ஜன்னல், பட்டியல் எல்லாம் அவர்கள் கைவேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், பைசா தர வேண்டாம். அதில் எது இருக்கலாம், எது போகலாம் என்று யோசிப்பது இவன் பொறுப்பு. இவன் யோசித்தால் அது போகத்தான் செய்யும். முதல் வெளியீட்டில் திரையில் கிடந்த சின்னங்களை எடுத்தான். அடுத்ததில் கோப்புகளைத் திரையில் வைக்கும் வசதியையே எடுத்தான். மிஞ்சியது மூலையில் ஒரு குப்பைத்தொட்டி. பார்க்கும்போதெல்லாம், அப்போதுதான் துடைத்த தரையைப் பார்க்கிற மாதிரி அவனுக்கு மனம் நிறையும்.

இந்த முறை கண் அந்தத் தொட்டியிலேயே விழுந்தது. உள்ளே போய் முப்பது நாள் ஆன கோப்பு தானாக அழியட்டும், யாரையும் கேட்க வேண்டாம் என்றான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மாற்றம் கேட்கிறவர் அதை முதலில் தன் வீட்டுக் கணினியில் நான்கு வாரம் ஓட்ட வேண்டும். வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது. அவர்களாக முகம் சுளிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கூட்டத்தை நடத்துகிற பெரியக்கா கொண்டுவந்த வழக்கம் அது.

கத்தரியின் மனைவிக்கு முடங்கிப்போன கைகால்களைப் பயிற்சி கொடுத்து மடக்க வைக்கிற வேலை. முன்னறையில் ஒரு கட்டில், ஆளுயரக் கண்ணாடி, இழுத்துப் பழகும் ரப்பர் பட்டைகள். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டுக் கணினியில் ஒரு தாள் வைத்திருந்தாள். எந்த வாரம் மூட்டு எத்தனை டிகிரி மடங்கியது என்று அதில் இருக்கும்.

நான்கு வாரம் போனது, அவள் சுளிக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வீட்டில் யாருக்கும் தெரியவே இல்லை என்றான். எல்லாரும் சரி என்றார்கள். வெள்ளிக்கிழமை வெளியீடு.

நான்கு வாரம் என்றால் இருபத்தெட்டு நாள்தானே? முப்பதாவது நாள் வேலையைக் காட்டுகிற ஒன்றை இருபத்தெட்டு நாள் சோதித்துவிட்டு, பிரமாதம் என்று இருபது பேரும் தலையாட்டியிருக்கிறார்கள். படித்த பிள்ளைகள், என்ன சொல்வது.

திங்கள் காலை அவள் முன்னறையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, முழங்கால்காரர் தாளைக் காணோம்."

அவர் ஒரு பஸ் ஓட்டுநர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எட்டு வாரம் இவளிடம் வந்தவர், ஒரு மாதமாக மகள் வீட்டில் இருந்தார். இன்று பதினோரு மணிக்கு வருகிறார். மதியம் கம்பெனி டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துத்தான், மறுபடி பஸ்ஸைத் தொடலாமா என்று கையெழுத்துப் போடுவார்.

"எங்க வச்சிருந்த?"

"தொட்டியிலதான்."

"குப்பைத்தொட்டியிலயா?"

"வேற எதை விட்டு வச்சிருக்கீங்க நீங்க? நாப்பத்தோரு பேர் தாளும் அதுலதான் இருக்கு. வேணுங்கறப்ப எடுப்பேன், எழுதுவேன், திரும்பப் போடுவேன். கண்ணு முன்னாடி இருக்கறது அது ஒண்ணுதான்."

கத்தரிக்கு விஷயம் புரிந்தது. அடிக்கடி எடுத்துப் போட்ட தாள்களுக்கு நாள் புதிதாக எண்ணப்பட்டதால் அவை பிழைத்தன. கை படாமல் கிடந்த தாள் இது ஒன்றுதான். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தவில்லை. மீட்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். இரண்டு மணி நேரம் முட்டிப் பார்த்தான். அழிந்தால் சுவடே இருக்கக் கூடாது என்று எழுதி வைத்தவனும் அவனேதான்.

பதினோரு மணிக்கு முழங்கால்காரர் தடியில்லாமல் நடந்து வந்தார். கத்தரி அவர் எதிரில் நின்று விஷயத்தைச் சொன்னான்.

"அதுக்கு ஏன் சார் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? தாள்தான போச்சு, முழங்கால் எங்கிட்டதான இருக்கு," என்றார் அவர். "எழுதுங்க. மொத வாரம் நாப்பது. ரெண்டாம் வாரம் அம்பத்தெட்டு. அன்னைக்கு நான் அழுதேன், டாக்டரம்மாவுக்குத் தெரியும்."

"அழுததை எழுத வேணாம்," என்றாள் அவள்.

எட்டு வாரத்தையும் தடுமாறாமல் சொன்னார். கத்தரி தட்டினான். அவள் தன் வருகைப் பதிவோடு தேதிகளைச் சரிபார்த்தாள், மறுபடி ஞாபகத்திலிருந்து எழுதியது என்று கீழே ஒரு வரி சேர்த்தாள். பிறகு அளவுகோலை மூட்டில் வைத்தாள். நூற்றுப் பதினெட்டு. மதியம் கம்பெனி டாக்டரும் தாமே ஒருமுறை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

முழங்கால்காரர் வாசல் தாண்டியதுமே கத்தரி பெரியக்காவைக் கூப்பிட்டிருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் இதை நிறுத்த வேண்டும், எத்தனை வீட்டில் எத்தனை முழங்கால் தொட்டியில் கிடக்கிறதோ என்றான்.

"நாலு வாரம்னு வச்சவ நான். கோட்டை விட்டதுல எனக்கும் பங்கு இருக்கு," என்றாள் பெரியக்கா. "வேற ஏதாவது வெட்டணுமா?"

"இல்லக்கா. வைக்கணும். திரையில ஒரு அலமாரி."

கத்தரி வாயிலிருந்து 'வைக்கணும்' என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லையாம். முடிவுகளை எழுதி வைக்கிற பக்கத்தில், காரணம் என்ற கட்டத்தில், "ஒரு முழங்கால்" என்று அவளே எழுதினாள்.

அடுத்த வெளியீட்டில் அலமாரி வந்தது. நாற்பத்தொரு தாளையும் கத்தரியே அதில் அடுக்கிக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அத்தனையும் மறுபடி தொட்டிக்குள்.

"அலமாரி அழகாத்தான் இருக்கு," என்றாள் அவள். "கை அங்கதான் போகுது, நான் என்ன பண்ண?"

அவள் நோயாளியோடு இருந்தபோது கத்தரி கணினி முன் உட்கார்ந்து ஏதோ எழுதினான். உலகத்தில் அந்த ஒரு கணினியில் மட்டும் குப்பைத்தொட்டியை யாராலும் காலி செய்ய முடியாது.