சோதனைக்கு மட்டும் வேகம்

அரசுச் சோதனை அதிகாரி தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். சர்வர்கள் இரையும் அறைக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்குள் மூன்று பேர்: அதிகாரி அம்மாள், இணைய நிறுவனத்தின் மேலாளர், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் பொறியாளரான அவள். கைப்பேசியில் நிறுவனத்தின் மலிவுத் திட்டச் சிம். திரையில் அரசின் வேகச் சோதனைப் பக்கம். முள் சரசரவென ஏறிப் பச்சையில் நின்றது.

"பாத்தீங்களா மேடம், இருக்கறதுலயே கம்மி விலைத் திட்டம். அதுலயே இந்த வேகம்," என்றார் மேலாளர். அதிகாரிகளைக் கண்டால் பாகாய் உருகுவார்.

வேகம் உண்மைதான், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும். எந்தத் திட்டமானாலும் எல்லாத் தளங்களுக்கும் ஒரே வேகம் என்பது சட்டம். நிறுவனமோ தன் சினிமாச் செயலியை ஓடவிட்டு மற்ற தளங்களின் வேகத்தையெல்லாம் இழுத்துப் பிடித்திருந்தது. சோதனைப் பக்கத்தை மட்டும் முழு வேகத்தில் விட்டுவிடச் சொல்லும் ஒற்றை நிரல் வரியை எழுதியவள் அவள். மேலாளர் சொன்னார், எழுதினாள். அவள் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் இந்த வாரம் வர வேண்டும்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை.

"நான் எந்த கம்பெனிக்குப் போனாலும் இந்தச் சோதனைப் பக்கம் பச்சைதான். நீ வீட்ல என்னம்மா பாப்பே? உன் கையாலயே ஒண்ணு தொற."

"சின்னப் பொண்ணு, சினிமாதான் மேடம் பாக்கும். நம்ம ஆப்பைத் தொறம்மா."

"அது சொல்லட்டும் சார். நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க."

சிம்மோடு வந்த செயலியின் சிவப்புக் குறி கட்டைவிரலுக்கு நேரே இருந்தது. தொட்டால் படம் ஓடும், பேனாவும் ஓடும்.

மணி பதினொன்று. அக்காவின் இணைய வகுப்பு நடக்கும் நேரம். காது கேளாத பிள்ளைகளுக்கு உதட்டசைவைப் படிக்கக் கற்றுத்தருகிறாள். தளம் இவள் அமைத்துக் கொடுத்தது. நேற்றுகூட அக்கா சொன்னாள், "வீடியோ நின்னு நின்னு போகுதுடி. நல்ல போனா வாங்கக் கூடாதான்னு பெத்தவங்களத் திட்டிட்டேன். ஒருத்தர் வாங்கியே வந்துட்டார், பாவம்." இவள் உம் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

"யோசிச்சுத் தொடும்மா," என்றார் மேலாளர் மெதுவாக.

அவள் அக்காவின் தள முகவரியை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

வட்டம் சுற்றியது. பக்கம் துண்டு துண்டாக வந்தது. அக்காவின் முகம் பாதிச் சொல்லில் நின்றிருந்தது, இரு உதடுகளும் மூடி. கீழே சின்னக் கட்டத்தில் ஒரு சிறுமி, அதேபோல் உதடுகளை இறுக்கிக்கொண்டு. அந்தச் சிறுமி காத்திருக்கிறாளா, அவள் படமும் அப்படியே நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. மூவரும் அக்காவின் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.